கருத்துச் சீட்டுகளை யாரும் கிழிக்கவில்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மாட்டுங்கா, சயான், செம்பூர், ஆன்டாப் ஹில், தாராவி வாசகர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் டோம்பிவிலியிலிருந்து பை நிறையப் புத்தகத்தோடு வருபவர்களுக்கும் வணக்கம்.

எந்தப் புத்தகத்தைப் பற்றிய மடல் என்று உங்களுக்கே தெரியும். இந்த வருஷம் நம் வாடகை நூலக அலமாரியில் ஒரு ராத்திரிகூடத் தங்காத அந்த இரண்டு பாக நாவல்தான். குண்டுவெடிப்பு, டெல்லியில் உள்துறை அமைச்சகத்தின் நீளத் தாழ்வாரம், எல்லைக்கு அப்பால் பெயரில்லாமல் போகும் நான்கு பேர். கதையில் இதற்கு மேல் ஒரு வரிகூட இங்கே சொல்லப்போவதில்லை. ஏன் என்பது கீழே வரும்.

சில நாட்களாக வாட்ஸ்ஆப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. அந்த நாவலைக் குறை சொல்லி வாசகர்கள் எழுதிய கருத்துச் சீட்டுகளை நாங்கள் கிழித்துவிட்டோமாம். பதிப்பகத்தாரிடம் கமிஷன் வாங்கிக்கொண்டு செய்தோமாம். இந்தக் குற்றச்சாட்டின் முதல் பாதியைவிட இரண்டாவது பாதிதான் குத்துகிறது, அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறோம். வாடகைக்கு விடும் நூலகத்துக்கு எந்தப் பதிப்பகம் கமிஷன் கொடுக்கும்? எங்களிடம் ஒரு பிரதியை 40 பேர் படித்தால் அவர்களுக்கு விற்றது ஒரு பிரதிதான், மிச்சம் 39 பேரும் கடைக்குப் போகவில்லை. பதிப்பகத்தார் கண்ணில் நாங்கள் வியாபாரத்தைக் கெடுப்பவர்கள். இந்த நாவலில் எங்களிடம் இருப்பது முதல் பாகம் 4 பிரதி, இரண்டாம் பாகம் 3 பிரதி. எல்லாம் நீங்கள் வாங்குவதுபோல ரசீது போட்டு வாங்கியவை. ரசீது மேஜை இழுப்பறையில் இருக்கிறது, கேட்டால் காட்டுகிறோம். கமிஷன் வாங்குகிற கடை, காத்திருப்போர் பட்டியலை இவ்வளவு நீளமாக விட்டுவைத்துக்கொண்டு உங்களிடம் பேச்சு வாங்குமா?

சரி, சீட்டுக்கு வருவோம்.

பழைய வாசகர்களுக்குத் தெரியும், புதியவர்களுக்காகச் சொல்கிறோம். அரை அஞ்சலட்டை அளவுச் சீட்டு மேஜையில் இருக்கும். படித்தவர் 5 வரிக்குள் எழுதித் தருவார். நாங்கள் அதைப் பின்னட்டையின் உள்பக்கத்தில் ஒட்டுவோம். அடுத்து எடுப்பவர் முதலில் பின்னட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் புத்தகத்தைப் பையில் போடுவார். சமையல் புத்தகம், ஜோதிடம், பயணக் கட்டுரை எதற்கும் இதில் வில்லங்கம் வந்ததில்லை. துப்பறியும் கதையில்கூடப் பெரிதாக இல்லை, கொலைகாரன் பெயரை யாரும் எழுதமாட்டார்கள். இந்த மாதிரி அரசியல் த்ரில்லரில்தான் சங்கடம். இங்கே கதையின் உயிர் யார் கொன்றான் என்பதில் இல்லை, யாரை நம்பலாம் என்பதில் இருக்கிறது. ‘உள்துறைக் காட்சிகளைக் கவனமாகப் படியுங்கள்’ என்று ஒருவர் நல்ல எண்ணத்தில் எழுதுகிறார். முடிவைச் சொல்லவில்லை, பெயரும் இல்லை. ஆனால் முதல் பாகத்தின் பின்னட்டையில் இதைப் படித்தவர் முதல் அத்தியாயத்திலிருந்தே உள்துறை ஆட்களைச் சந்தேகத்தோடு பார்ப்பார். நாவலாசிரியர் 300 பக்கம் பொறுமையாகக் கட்டியது அந்த ஒரு வரியில் சரிந்துவிடும்.

அதனால் இந்த நாவலுக்கு மட்டும், முதல் பாகத்தில் ஒட்டியிருந்த சீட்டுகளில் இரண்டாம் பாகத்தைத் தொடுபவற்றை எடுத்து ஒரு கோப்பில் வைத்தோம். குறை சொன்னவை மட்டும் போகவில்லை, ‘பிரமாதம்’ என்று ஆரம்பித்து முடிச்சை அவிழ்த்தவையும் போயின. கோப்பு நீல அட்டை போட்டது, மேஜையின் இடது பக்கம். இரண்டாம் பாகத்தைத் திருப்பிக் கொடுத்தவர் யாரும் அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம். எதிர்த்து எழுதிய அண்ணாச்சியின் 2 சீட்டும் பத்திரமாக உள்ளே இருக்கின்றன, வாட்ஸ்ஆப்பில் படம் போட்டவர்கள் ஒரு நடை வந்து பார்த்திருக்கலாம்.

சில சீட்டுகள் தானாகவும் விழுந்தன. மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பசை காயாது. மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்தால் பூச்சி அண்டாது, ஆனால் ஈரத்துக்கு அது மருந்தில்லை. சீட்டு உரிந்து யார் வீட்டு மெத்தையடியிலோ கிடக்கும். செலோடேப் போட்டால் இரண்டு வருஷத்தில் மஞ்சளாகிக் காகிதத்தையே தின்றுவிடும். இனிமேல் பின்னட்டைக்குள் ஒரு காகித உறை ஒட்டி அதற்குள் சீட்டுகளைப் போடப்போகிறோம். ஜெல் பேனாவால் எழுதவேண்டாம், ஈரம் பட்டால் பரவுகிறது. பால்பாயின்ட் போதும்.

இந்த நாவலுக்கு வந்த சீட்டுகள் எல்லாம் சண்டைச் சீட்டுகள் என்று யாரும் நினைக்கவேண்டாம். நம் வாசகர்களைப் பற்றி எங்களுக்குக் கர்வமே வந்துவிட்டது. கதை நடப்பது 2006 முதல் 2008 இலையுதிர் காலம் வரை. அதில் 2007இல் ஒரு என்.ஐ.ஏ. (தேசியப் புலனாய்வு முகமை) அதிகாரி வந்து விசாரிக்கிறார். அந்த அமைப்புக்கான சட்டமே 2008 நவம்பர் 26 தாக்குதலுக்குப் பிறகு, அந்த டிசம்பரில்தான் வந்தது. இதை முதல் வாரத்திலேயே ஒரு மாமி பக்க எண்ணோடு எழுதிக் கொடுத்தார். நாவலில் அதே காலத்தில் மும்பையில் ஒரு கட்டடத்தைப் பிடித்தவர்களை எதிர்கொள்ள தேசியப் பாதுகாப்புப் படை அரைமணியில் வந்து இறங்குகிறது. அப்போது அந்தப் படை இருந்தது டெல்லிக்குப் பக்கத்தில் மானேசரில். உண்மையான தாக்குதலின்போது அவர்கள் விமானம் ஏறி மும்பை வந்துசேர மறுநாள் விடியற்காலை ஆனது, அந்தத் தாமதத்தைப் பார்த்துத்தான் 2009இல் மும்பை, சென்னை, கொல்கத்தா, ஹைதராபாத்தில் கிளை முகாம்கள் வைத்தார்கள். நாவலாசிரியர் இன்றைய மும்பையை அன்றைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். 26ஆம் தேதி ராத்திரி இந்த ஊரில் விழித்திருந்தவர்களிடம் இது செல்லாது.

‘ரா’ அதிகாரி கையில் விலங்கோடு வந்து கைது செய்யும் காட்சியில் உள்ள பிழையைப் பலர் பிடித்தார்கள். 1968இல் உளவுத்துறையிலிருந்து பிரித்து உருவாக்கிய அமைப்பு அது, வேலை வெளிநாட்டில், கைது அதிகாரம் கிடையாது. உள்நாட்டு உளவுத்துறைக்கும் கிடையாது. ஊருக்குள் பிடிக்கவேண்டுமானால் மும்பை போலீஸோ மாநிலத்தின் பயங்கரவாதத் தடுப்புப் பிரிவோ வரவேண்டும். உண்மையில் இந்த இழுபறியே ஒரு நல்ல காட்சியாகியிருக்கும்: தகவல் ஒருவரிடம், அதிகாரம் இன்னொருவரிடம்.

தொலைபேசி ஒட்டுக்கேட்கும் அத்தியாயம் பற்றி மத்திய அரசுப் பணியில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் சீட்டின் இரண்டு பக்கமும் எழுதினார். 5 வரி விதியை மீறிய சீட்டு, இருந்தாலும் வைத்துக்கொண்டோம். நாவலில் அமைச்சர் காரில் போகிறபோது ஒரு வார்த்தை சொல்கிறார், ஒட்டுக்கேட்பு தொடங்கிவிடுகிறது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வகுத்த முறைப்படி மத்திய உள்துறைச் செயலரோ மாநில உள்துறைச் செயலரோ உத்தரவு போடவேண்டும். அவசரமானால் இணைச் செயலர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுக்கலாம். உத்தரவுக்கு 2 மாதம்தான் ஆயுள், நீட்டித்தாலும் மொத்தம் 6 மாதம். மறுஆய்வுக் குழு வேறு உண்டு. அமைச்சர் வாய்வார்த்தை எங்கும் இல்லை. ஆனால் அதே மனிதர், அமைச்சகத்தில் ஒரு கோப்பு மேலே போகாமல் நிற்கும் விதத்தை இந்த நாவலாசிரியர் எழுதியதுபோல வேறு யாரும் எழுதவில்லை என்று முடித்திருந்தார். எங்கள் எண்ணமும் அதுதான். துப்பாக்கிச் சண்டைகள் சுமார், கோப்புச் சண்டைகள் அபாரம்.

துப்பாக்கி என்றதும் இளவட்டங்கள் வந்துவிட்டார்கள். கிளாக் பிஸ்டலில் கட்டைவிரலால் தள்ளும் சேஃப்டி கிடையாது, அது விசையிலேயே இருக்கிறது. நாவலில் அதைத் தள்ளிவிட்டுச் சுடுகிறார்கள். ரிவால்வரில் சைலன்ஸர் மாட்டுவதைப் பற்றியும் ஒருவர் எழுதினார்: உருளைக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் வாயு வெளியேறுவதால் சத்தம் அடங்காது என்று. அதற்குக் கீழேயே இன்னொருவர், அந்த இடைவெளியை அடைத்துக்கொள்ளும் 1895 மாடல் ரஷ்ய நாகான் ரிவால்வர் விதிவிலக்கு என்று சேர்த்தார். ‘இன்னும் 20 விநாடி பேசவையுங்கள், ஆளைப் பிடித்துவிடலாம்’ என்ற வசனமும் சினிமாச் சரக்குதான். அழைப்பு இணைந்த உடனேயே எந்தச் செல்போன் கோபுரம் என்று நெட்வொர்க்குக்குத் தெரியும். இணையம் வழியாகப் பேசும் அழைப்பு என்றால்தான் தலைவலி, அது 20 விநாடியிலும் தீராது.

எல்லாவற்றையும்விட மாட்டுங்காவாசிகள் மன்னிக்காத பிழை ஒன்று. வில்லன் தாதரில் விரார் லோக்கலில் ஏறி மாட்டுங்கா ஸ்டேஷனில் இறங்குகிறான். மேற்கு ரயில்வேயின் அந்த வழியில் வருவது மாட்டுங்கா ரோடு. மாட்டுங்கா மத்திய ரயில்வேயில் இருக்கிறது. பிறகு கல்யாண் ஃபாஸ்ட்டிலிருந்து இங்கே குதிக்கிறான், ஃபாஸ்ட் இங்கே நிற்காது. ‘ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக்கில் (தண்டவாள வேலைக்காக ரயில்களை மாற்றி விடும் நேரம்) நின்றிருக்கும், வில்லனுக்கு அதிர்ஷ்டம்’ என்று எழுதிய கல்லூரி மாணவியின் சீட்டை முதல் பாகத்தின் நான்கு பிரதியிலும் நகலெடுத்து ஒட்டியிருக்கிறோம். குறை சொல்லும் சீட்டுதான் அதுவும். கிழித்தோமா?

இப்படிப் பக்கம் சொல்லி, காரணம் சொல்லி எழுதுவதுதான் அடுத்தவருக்கு உதவும். ‘விறுவிறுப்பு’, ‘கீழே வைக்க முடியவில்லை’ என்ற சீட்டுகளால் யாருக்கும் லாபமில்லை, ‘நேரம் வீண்’ என்பதும் அப்படித்தான். எழுதியவர் அந்தத் துறையில் இருந்தவர், அதனால் எல்லாம் நிஜம் என்றும் சிலர் எழுதுகிறார்கள். அட்டையில் அப்படி எதுவும் இல்லை. இருந்தாலும் யோசியுங்கள். உளவு அமைப்புகளில் இருந்து ஓய்வுபெற்றவர்கள் தங்கள் துறை சார்ந்து எதை வெளியிடவும் முன் அனுமதி வாங்கவேண்டும் என்று 2021இல் ஓய்வூதிய விதியையே திருத்தினார்கள். அனுமதி வாங்கி வந்த எழுத்தில் ரகசியம் எவ்வளவு மிஞ்சும்?

ஒருவகைச் சீட்டு மட்டும் கோப்பிலும் இல்லை. குண்டு வைத்த பாத்திரத்தை விட்டுவிட்டு அவன் மதத்தாரை, அவன் ஊர்க்காரர்களைத் திட்டியவை. அதற்குப் பதிலடியாக இன்னொரு பக்கத்தாரைத் திட்டியவையும். அவற்றை எழுதியவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டோம். மாஹிமிலிருந்தும் தாராவியிலிருந்தும் எல்லா மதத்தாரும் படிக்க வருகிற மேஜை இது. அரசாங்கத்தைத் திட்டுங்கள், நாவலாசிரியரைத் திட்டுங்கள், எங்களையும் திட்டுங்கள். இதில் மட்டும் பேரம் இல்லை.

இன்னொரு புகாரும் காதுக்கு வந்தது: மறுபைண்டிங் செய்த பிரதிகளில் நடுவரிகள் உள்ளே போய்விட்டன என்று. பசையில் மட்டும் நிற்கும் 700 பக்கப் புத்தகம் இத்தனை கை மாறினால் முதுகு பிளந்துவிடும். முதுகைச் சீவி, ஓரத்தில் துளைபோட்டுத் தைத்து, காலிகோ துணி ஒட்டினால்தான் மறுபடி நிற்கும். தையலுக்கே அரை அங்குலம் போய்விடுகிறது. புத்தகத்தை மல்லாக்க விரித்துக் கவிழ்த்து வைக்காமல், அட்டையை மடக்காமல் படித்தால் முதல் பைண்டிங்கே இன்னும் நாள் தாங்கும்.

இத்தனை பேச்சுக்கு நடுவிலும் வழக்கம்போல வந்து, ‘நீங்க வையுங்க, நாங்க இருக்கோம்’ என்று சொல்லிப் புத்தகம் எடுத்துப்போன ஒவ்வொருவருக்கும் மனமார்ந்த நன்றி. மகன் வீட்டுக்கு மாறிப்போன பிறகும் சந்தாவை விடாமல் முலுண்டிலிருந்து வரும் மாமாக்களுக்கும், கடைசி லோக்கலுக்கு முன் ஓடிவந்து புத்தகம் திருப்பும் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கும் நாங்கள் கடமைப்பட்டவர்கள். கையோடு அச்சுப்பிழையைத் திருத்திக் கொடுக்கும் பள்ளிக்கூட டீச்சர்களை மறக்க முடியுமா?

இரண்டாம் பாகம் வைத்திருப்பவர்கள் 7 நாளில் தந்துவிடுங்கள். முதல் பாகத்தை முடித்துவிட்டு நடுவழியில் நிற்பவர்கள் பட்டியலில் நிறைய.

என்றும் அன்புடன்,
நூலகத்தார், மாட்டுங்கா

பி.கு.: வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்த தம்பி ஊரோடு போய்விட்டதால் சயானுக்கு அந்தப் பக்கம் டெலிவரி தற்சமயம் இல்லை. பைண்டிங் கூலி ஏறியதால் டெபாசிட் அடுத்த மாதம் முதல் 500 ரூபாயிலிருந்து 800 ரூபாய். பழைய சந்தாதாரர்கள் வித்தியாசத்தை இரண்டு தவணையாகக் கட்டலாம்.