பிலிம் கழுவும் இயந்திரமும் நம் ஊர்த் தண்ணீரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா, வணக்கம். இளைஞர்கள் மறுபடியும் பிலிம் கேமராவைத் தேடிப் போவதைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். வீட்டில் ஓர் இயந்திரம் வாங்கி வைத்துவிட்டால் பிலிம் கழுவும் கவலை தீர்ந்தது என்று அதில் கண்டிருந்தது. பாளையங்கோட்டையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஸ்டூடியோ நடத்தியவன் நான். அந்த யோசனை குளிர்நாட்டுக்காரருக்குச் சரியாக இருக்கலாம். திருநெல்வேலிச் சீமைக்கு அப்படியே ஒத்துவராது.

வீட்டு உபயோகத்துக்கென விற்கப்படும் சுழல்வகை இயந்திரங்கள், பெயர்பெற்ற ஜெர்மானிய ஜோபோ உட்பட, முக்கியமாக இரண்டு வேலைகளைச் செய்கின்றன. தொட்டித் தண்ணீரைச் சூடாக்கி ஒரே அளவில் நிறுத்துகின்றன. பிலிமும் ரசாயனமும் இருக்கும், வெளிச்சம் புகாத டாங்கைப் படுக்கவைத்து உருட்டிக்கொண்டே இருக்கின்றன. குளிரவைக்கும் வசதி விலை கூடிய சில மாடல்களில் உண்டென்றாலும், அதற்கும் குழாயில் குளிர்ந்த தண்ணீர் வந்தாக வேண்டும். கத்திரி வெயிலில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீரில் கை கழுவிப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கறுப்பு வெள்ளை பிலிமுக்கு, படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனமான டெவலப்பர் 20 டிகிரி செல்சியஸில் இருப்பதே வழக்கம். 30 டிகிரியைத் தாண்டிய தண்ணீரில் கழுவினால் கழுவும் நேரம் ஐந்து நிமிடத்துக்கும் கீழே போய், படத்தில் திட்டுத்திட்டாக ஏற்றத்தாழ்வு விழும். ஆகவே இங்கே கறுப்பு வெள்ளை மட்டும் கழுவ நினைப்பவர், சூடாக்கும் இயந்திரத்துக்குப் பணம் கொடுப்பது வீண். மீன் வருகிற தெர்மோகோல் பெட்டி ஒன்றும், பாட்டிலில் உறையவைத்த தண்ணீரும், நம்பகமான தெர்மாமீட்டரும் போதும். ஆனால் டெவலப்பரை மட்டும் குளிரவைத்தால் போதாது. நான் தொழிலுக்கு வந்த புதிதில், ஆனித் தேரோட்டத்தன்று எடுத்த ரோலை ஐஸ் வைத்துப் பக்குவமாகக் கழுவிவிட்டு, கடைசி அலசலுக்கு நேராகக் குழாயடியில் பிடித்தேன். தேர்வடம் பிடித்தவர்களின் முகமெல்லாம், வற்றிய குளத்துச் சேறு வெடித்ததுபோல் நுண்ணிய வெடிப்பாகிவிட்டது. குளிரிலிருந்து திடீரென்று சூட்டுக்குப் போன, பிலிமின் மேலுள்ள ஜெலட்டின் பூச்சு செய்த வேலை அது. இக்கால பிலிம்கள் அவ்வளவு எளிதில் வெடிப்பதில்லை. இருந்தாலும் படத்தை நிலைநிறுத்தும் ரசாயனமான ஹைப்போவும் அலசும் தண்ணீரும் டெவலப்பரின் சூட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

வண்ண பிலிமின் கதை இதற்கு நேர்மாறு. வண்ண நெகட்டிவ் கழுவும் பொதுமுறையான சி-41 முறையில் டெவலப்பருக்கு 37.8 டிகிரி, 3 நிமிடம் 15 விநாடி. கால் டிகிரி பிசகினாலும் நிறம் சாயத் தொடங்கும். நம் ஊர்த் தண்ணீர் முக்கால்வாசித் தூரம் தானாகவே வந்து நிற்பதால், இங்கே ஹீட்டருக்கு வேலை குறைவு. சமையலறைக்கென்று விற்கிற, தண்ணீரைச் சூடாக்கிச் சுழற்றும் 'சூ வீ' கருவியை ஒரு பெரிய வாளியில் மாட்டி, ரசாயனப் பாட்டில்களை அதில் நிறுத்தினால் காரியம் நடந்துவிடும்.

அப்படியானால் இயந்திரமே வேண்டாமா என்றால், அப்படியும் சொல்ல மாட்டேன். மாதம் பத்துப் பதினைந்து வண்ண ரோல் கழுவுகிறவருக்கு அது பலன் தரும். ஒரு ரோலுக்குக் கையால் கவிழ்த்துக் கழுவும் பேட்டர்சன் டாங்க் 290 மில்லி ரசாயனம் கேட்கும். ஜோபோவின் சிறிய டாங்கை உருட்டிக் கழுவினால் 140 மில்லியே போதும். ஆனால் அந்தச் சிக்கனத்துக்குள்ளேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. டாங்கின் அடியில் கொஞ்சமே திரவம் கிடப்பதால், உருளல் நின்ற கணத்தில் பிலிமின் மேல்பாதி திரவத்துக்கு வெளியே நிற்கும். நம் ஊர் மின்வெட்டு நேரம் பார்த்தா வருகிறது? விளக்கு அணைந்த மறுவிநாடியே கையால் உருட்டத் தயாராக இருப்பவர்தான் இதை வாங்க வேண்டும். இன்வெர்ட்டர் இருந்தாலும், மோட்டாரோடு ஹீட்டரையும் சேர்த்துத் தாங்குமா என்று முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

மூடப்பட்ட ஸ்டூடியோக்களின் பெரிய லேப் இயந்திரங்கள் பழைய இரும்பு விலைக்குக் கிடைக்கின்றன என்று கேட்டு ஆசைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். அவை தினமும் ரோல் ரோலாகத் தீனி கேட்பவை. கழுவக் கழுவப் புது ரசாயனம் சேர்ந்தால்தான் டெவலப்பர் உயிரோடு இருக்கும். வாரத்துக்கு இரண்டு ரோல் போடுகிற வீட்டில் அது காற்றுப்பட்டுக் கறுத்துவிடும்.

பழைய சுழல் இயந்திரம் வாங்குகிறவர்கள், பளபளப்பைப் பார்த்து முன்பணம் கொடுத்துவிட வேண்டாம். விற்பவர் வீட்டிலேயே தண்ணீர் ஊற்றி, 38 டிகிரி வைத்து ஒரு மணி நேரம் ஓடவிட்டு, சொந்தத் தெர்மாமீட்டரைத் தொட்டியின் இரண்டு மூலையிலும் வைத்துப் பாருங்கள். டாங்கில் தண்ணீர் நிரப்பி உருட்டும்போது மோட்டார் திக்குகிறதா, திசை மாற்றும்போது பல்சக்கரம் நழுவுகிறதா என்பதும் அந்த ஒரு மணி நேரத்திலேயே தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
முன்னாள் ஸ்டூடியோக்காரர் ஒருவர்,
பாளையங்கோட்டை.