ரொட்டி வீசுகிறவரின் ஊர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் பெங்களூரில் உள்ள ஒரு மலேசிய உணவகத்தைப் பற்றிக் கட்டுரை வந்திருந்தது. அங்கே ரொட்டி போடுகிறவர் கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பையனாம், அதனால் அசல் மலேசிய ருசியை எதிர்பார்க்க முடியாதாம். மூன்று நாளாக அந்த வரி மனதை அறுத்துக்கொண்டிருக்கிறது.

நான் ஊத்தங்கரைக்காரன். 1999 முதல் 2011 வரை கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடையில், ரொட்டிக்கல்லில் நின்றவன். (போனபோது எங்கள் ஊர் தருமபுரி மாவட்டம், திரும்பியபோது கிருஷ்ணகிரி மாவட்டம்.) என்னோடு நின்றவர்களில் ஒருவர் ராமநாதபுரம், இன்னொருவர் கடலூர். சாப்பிட வந்த மலாய்க்காரரோ சீனரோ எங்கள் ஊரைக் கேட்டுவிட்டு ரொட்டியைத் தள்ளிவைத்ததில்லை. மாமாக் என்பதே நம் 'மாமா'தான், மலாயில் கடைக்கு 'கெடாய்' என்றுதான் பெயர் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? 2024-ல் மலேசியாவின் காலை உணவுப் பண்பாடு யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு, தே தாரிக் என்கிற நுரை பொங்க ஆற்றிய பால் டீ, இவற்றோடு நாங்கள் வீசிய ரொட்டி சானாயும் சேர்ந்துதான் ஏறியது. அந்த ரொட்டியைத் தமிழன் கை வீசினால் எப்படி அசல் இல்லாமல் போகும்?

அதே உணவகத்தில் இரண்டு மாதம் முன்பு என் மகளோடு சாப்பிட்டேன். அந்தப் பையனின் கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எண்ணெயில் ஊறிய மாவு உருண்டையைத் தட்டி, வீசி, கல் தெரிகிற அளவுக்கு மெலிதாக விரித்து, நான்கு பக்கமும் மடித்துப் போட்டான். வெந்ததும் இரண்டு கையாலும் அடித்து உடைத்தான். நம் வீச்சு பரோட்டாவுக்கு நெருங்கிய சொந்தம் அது. ஓரம் மொறுமொறுப்பாகவும் நடு மெத்தென்றும் வருவதற்கு எனக்கு ஒரு வருடம் பிடித்தது. பருப்புக் குழம்பு ஊற்றித் தின்றபோது பிரிக்ஃபீல்ட்ஸ் நினைவு வந்துவிட்டது.

குறை இல்லாமல் இல்லை. சம்பல் என்கிற மிளகாய் விழுதில் பெலாச்சான் வாசனையே காணோம். அந்த இறால் விழுது இல்லாமல் என்ன சம்பல்? தே தாரிக்கை ஆற்றிய விதத்தில் நுரை நிற்கவில்லை. இதையெல்லாம் எழுதியிருந்தால் சரி என்று ஒத்துக்கொண்டிருப்பேன். உங்கள் கட்டுரையாளர் இதில் எதையும் பார்க்கவில்லை, பையனின் ஊரை மட்டும் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

எங்கள் பக்கம் உங்கள் பத்திரிகைக்கு எப்போதும் இப்படித்தான். தொப்பூர் கணவாயில் லாரி கவிழ வேண்டும், மாம்பழ விலை விழ வேண்டும், ஒகேனக்கல்லில் வெள்ளம் வர வேண்டும், அப்போதுதான் பெயர் வரும். போன வருடம் கேழ்வரகுக் களியை ஏழைகளின் உணவு என்று எழுதினீர்கள். என் அம்மா களி கிண்டிப் போட்டு வளர்த்த வீட்டில் யாரும் அப்படி நினைத்ததில்லை. அதற்கும் கடிதம் எழுதினேன், வெளிவரவில்லை.

வெளிநாட்டில் ஒரு தொழிலைக் கற்பது சும்மா இல்லை ஐயா. என் பாஸ்போர்ட் முதலாளியிடம் இருந்தது. 2004-ல் அப்பா இறந்த செய்தி வந்தபோது அது என் கைக்கு வர ஐந்து நாள் ஆனது. முகம் பார்க்க முடியவில்லை, காரியத்துக்குத்தான் வந்து சேர்ந்தேன். கருமாதி முடிந்து திரும்பிப் போய் மறுநாளே கல்லில் நின்றேன். அப்படி வந்த கை இது. அந்தப் பையன் யாரிடம் கற்றானோ, அவருக்கும் இப்படி ஒரு கதை இருக்கும்.

நான் கேட்பது ஒன்றுதான். அதே கட்டுரையில் நாசி லெமாக்கை எலுமிச்சைச் சாதம் என்று போட்டிருக்கிறீர்கள். அது தேங்காய்ப்பாலில், வாசனைக்குப் பாண்டான் இலை போட்டு வேகவைக்கும் சோறு. பக்கத்தில் சம்பல், பொரித்த நெத்திலி, வேர்க்கடலை, வெள்ளரி, முட்டை வைப்பார்கள். எலுமிச்சை கிடையாது. வரும் ஞாயிறு இணைப்பில் ஒரு வரி திருத்தமாவது போடுங்கள்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகன்,
ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி மாவட்டம்