தண்ணீர் கேட்கத் தெரியாதவள்

சிங்கப்பூர்,
ஞாயிறு மாலை

அன்புள்ள சங்கீதா,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பி.எட். பயிற்சிக்காக அறுபது பிள்ளைகள் உள்ள வகுப்பில் நின்று கத்திக் கத்தி உன் தொண்டை கட்டிப்போனது வருத்தமாக இருந்தது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். "புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் வழிவந்தவர்கள் இன்னும் தெருக்கூத்து ஆடுகிறார்கள், சென்னையில் ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழு இருக்கிறது, நடிப்புக் கற்கக் கடல் தாண்ட வேண்டுமா?" என்று கேட்டிருந்தாய். விமானம் ஏறும்வரை என் அப்பாவும் இதையேதான் கேட்டார். நான் சேர்ந்திருக்கும் இன்டர்கல்ச்சுரல் தியேட்டர் இன்ஸ்டிடியூட்டின் மூன்றாண்டுப் படிப்பில் ஜப்பானிய நோ, பெய்ஜிங் ஓபரா, ஜாவாவின் வயாங் வோங் ஆகிய நாடக வடிவங்களோடு கேரளத்துச் சமஸ்கிருத நாடகமான கூடியாட்டமும் உண்டு என்று சொன்னபோது, "அதற்குப் பாலக்காடு வழியாகப் பஸ்ஸே போகுமே" என்றார். அதற்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை.

வந்து பன்னிரண்டு நாட்கள் ஆகின்றன. லிட்டில் இந்தியா பகுதியான தேக்காவிலிருந்து சிறிது தொலைவில் ஓர் அடுக்குமாடி வீட்டில் அறை எடுத்திருக்கிறேன். வீட்டுக்கார ஆண்ட்டி இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். காலையில் நான் அறையை விட்டு வெளியே வந்ததும், "பசியாறிட்டியாம்மா?" என்பார். காலை உணவுக்கு இவர்கள் சொல்லும் அந்தச் சொல்லை முதல் நாள் கேட்டபோது விளங்காமல் விழித்தேன். ஊரைப் பற்றிய மற்றச் செய்திகளையெல்லாம் உன் அண்ணன் வேலைக்கு வந்திருந்த காலத்திலேயே உனக்குச் சொல்லியிருப்பார். இங்கே எழுதப் போவது நான்காம் நாள் வகுப்பில் நடந்ததை.

ஒவ்வொருவரும் அவரவர் தாய்மொழியில், களைத்து வீடு திரும்பித் தாயிடம் தண்ணீர் கேட்பதாக ஒரே ஒரு வாக்கியம் பேச வேண்டும் என்று ஆசிரியர் சொன்னார். ஆங்கிலத்தில்தான் தடுமாறுவேன் என்று பயந்துகொண்டிருந்த எனக்கு இது வரம் போல இருந்தது. ஏழாம் வகுப்பிலிருந்து ஒட்டு மீசையோடு கட்டபொம்மனாக நின்று கைதட்டல் வாங்கியவள் அல்லவா நான்? நடுவில் போய் நின்றேன், மார்பு தானாக நிமிர்ந்தது, கால் அகன்றது, "அம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் தருகிறாயா?" என்ற வாக்கியம் ஒவ்வோர் எழுத்தும் பிசகாமல் கூடத்தின் கடைசிச் சுவர் வரை போய் மோதித் திரும்பியது. யாரும் சிரிக்கவில்லை. தமிழில் ஒரு சொல்கூட அறியாத சக மாணவி ஒருத்தி மட்டும் தயங்கியபடி, "நீ சொன்னது எனக்குப் புரியவில்லை, ஆனால் உனக்குத் தாகம் இல்லை என்பது தெரிந்தது" என்றாள்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் அம்மாவிடம் நான் ஒருநாளும் "தருகிறாயா" என்று கேட்டதே இல்லை. செருப்பைக் கழற்றும்போதே "தண்ணி" என்று மட்டும் சொல்வேன், சில நாள் அதுவும் சொல்வதில்லை. அப்படியென்றால் மேடையில் நான் இத்தனை வருடம் பேசிவந்தது யாருடைய தமிழ்? பொருளைக் கேட்டுப் புரிந்துகொள்ள முடியாத ஒருத்தி என் மூச்சையும் தோளையும் மட்டும் பார்த்துப் பொய்யைக் கண்டுபிடித்துவிட்டாள். நம் ஊரில் இதைச் சொல்லியிருக்க யாருக்கும் வழியில்லை, ஏனெனில் அங்கே வசனம் எல்லோருக்கும் புரிந்துவிடும். உன் கேள்விக்கு என்னால் இப்போதைக்குத் தர முடிந்த பதில் இதுதான். அப்பாவுக்கு இது போதாது என்று தெரியும்.

இந்தப் பள்ளியை 2000-இல் வேறு பெயரில் தொடங்கியவர்கள் இருவர்: ஒருவர் நாடக ஆசிரியர் குவோ பாவ் குன், மற்றவர் இந்திய வம்சாவளியினரான தி. சசிதரன். குவோ 1976 முதல் நான்கு ஆண்டுகளுக்கு மேல் விசாரணையின்றிச் சிறையில் வைக்கப்பட்டிருந்தவர். பின்னர் 1990-இல் அதே நாடு அவருக்குக் கலாசாரப் பதக்கம் அளித்தது. 2002-இல் மறைந்துவிட்டார். அவர் 1988-இல் மேடையேற்றிய பன்மொழி நாடகம் ஒன்றில், காணாமற்போன பூனையைத் தேடும், ஹொக்கியன் என்ற சீன மொழி பேசும் மூதாட்டி, தன் பூனையைத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு தமிழ் முதியவரைச் சந்திக்கிறாள். அவள் பேச்சு அவருக்குத் தெரியாது, அவர் பேச்சு அவளுக்குத் தெரியாது. ஆனாலும் சைகையிலும் ஓசையிலும் இருவரும் பேசிக்கொள்கிறார்கள். அந்தக் காட்சியைப் பற்றிப் படித்தபோது, என் தண்ணீர் வாக்கியத்தை அந்த மூதாட்டியிடம் சொல்லியிருந்தால் அவள் எனக்கு என்ன கொடுத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அநேகமாக ஒரு வாள் கொடுத்திருப்பாள்.

உன் தொண்டைக்கு வருகிறேன். இங்கே குரல் வகுப்பில் முதலில் பேசவே விடுவதில்லை. மல்லாந்து படுத்து, வயிற்றின்மேல் கனமான புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு, மூச்சு இழுக்கும்போது புத்தகம் எழுகிறதா என்று பார்க்க வேண்டும். தோள் எழுந்தால் மூச்சு மேல்மார்போடு நின்றுவிட்டது, பிறகு சத்தத்துக்காகத் தொண்டையைத்தான் இறுக்குவோம். உன் கல்வி உளவியல் புத்தகம் இதற்காவது பயன்படட்டும். அதிகாலையில் பத்து நிமிடம் செய்து பார். வகுப்பில் வாக்கியத்தின் நடுவே மூச்சு வாங்க நேர்ந்தால் வெட்கப்படாமல் நின்று வாங்கிக்கொள்.

எனக்கும் ஓர் உதவி வேண்டும். கூத்தில் நீயும் நானும் எப்போதும் அர்ச்சுனனுக்காகவும் துரியோதனனுக்காகவும்தான் விழித்திருப்போம். கோமாளியான கட்டியங்காரன் வந்தால் கடலை வாங்க எழுந்து போவோம். ராஜா திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் பாட, திரைக்கு முன்னால் ஊர்ப்பேச்சில் பேசிக்கொண்டிருப்பவன் அவன் ஒருவன்தான், இல்லையா? அவன் எப்படி நின்றான், எப்படி மூச்சு விட்டான் என்று நினைத்துப் பார்க்கிறேன், ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. கடலைக்காரரின் தராசு மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. இந்த முறை பாரதக் கூத்து நடக்கும்போது வேடக்காரர்களிடம் கேட்டுக்கொண்டு, அவன் பகுதியை முழுவதும் உன் கைபேசியில் பதிவு செய்து அனுப்பு.

நாளை அதே பயிற்சியை மறுபடி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். ஆண்ட்டி சமையலறையில் நின்று எனக்குக் குரல் கொடுக்கிறார். போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறேன். தொண்டை எப்படி இருக்கிறது என்று உடனே எழுது.

அன்புடன்,
செல்வி