எக்கோ ரிப்போர்ட்டில் அளவுகளையும் எழுதுங்கள்: மதுரை எக்கோ மையங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் எக்கோ மையம் நடத்தும் டாக்டர்களுக்கும் உரிமையாளர்களுக்கும் வணக்கம்.

இந்த ஊரில் பல வருடமாக எக்கோ, அதாவது இதயத்துக்கான அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், எடுக்கும் டெக்னீசியன் நான். உசிலம்பட்டி, பேரையூர், மேலூர், மானாமதுரை என்று நாலா பக்கமிருந்தும் வயதானவர்கள் பழைய ரிப்போர்ட்டுகளை மஞ்சப்பையில் சுருட்டிக்கொண்டு வருகிறார்கள். இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் வெளியேறும் வாசலான அயோர்டிக் வால்வில் கால்சியம் படிந்து, அது சுருங்கிப்போனவர்கள். ஒரு தாளில் சுருக்கம் ‘மாடரேட்’ (நடுத்தரம்) என்றிருக்கும். அடுத்த மாதம் வேறொரு மையத்தில் எடுத்ததில் ‘சிவியர்’ (கடுமை). “இதுல எது நெசம் தம்பி?” என்று கேட்டால் என்ன சொல்வது? இரண்டிலும் முடிவு மட்டும்தான் இருக்கிறது. எந்த அளவிலிருந்து அந்த முடிவு வந்தது என்பது எதிலும் இல்லை.

வீட்டில் உள்ளவர்கள் உடனே முடிவு கட்டிவிடுகிறார்கள்: ஒருவர் காசு பிடுங்கப் பார்க்கிறார், அல்லது இன்னொருவருக்கு வேலை தெரியவில்லை. பெரும்பாலும் இரண்டுமே இல்லை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வால்வு சுருங்கச் சுருங்க ரத்தம் அதன் வழியே வேகமாகப் பீய்ச்சும், ஓஸ் பைப்பின் வாயை விரலால் அழுத்திப் பிடித்த மாதிரி. வேகம் நொடிக்கு 4 மீட்டரைத் தொட்டாலோ, வால்வுக்கு முன்னும் பின்னும் உள்ள சராசரி அழுத்த வித்தியாசம் 40 மி.மீ. பாதரசம் வந்தாலோ சிவியர். வால்வு திறக்கும் பரப்பு 1 சதுர செ.மீ.க்குக் கீழே போனாலும் சிவியர்தான். ஆனால் பரப்பை நாம் நேரடியாக அளப்பதில்லை. வால்வுக்குக் கீழே இருக்கும் பாதையின், அதாவது எல்.வி.ஓ.டி.யின், விட்டத்தை அளந்து கணக்குப் போட்டு எடுக்கிறோம். கால்சியம் நம்மைக் கவிழ்ப்பது இங்கேதான்.

படத்தை நிறுத்தி, டிராக்பாலை உருட்டி, இந்த ஓரத்தில் ஒரு புள்ளி, அந்த ஓரத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். கால்சியம் கட்டிய இடம் திரையில் வெள்ளையாகப் பூத்து, உண்மையான அளவைவிடப் பெரிதாகத் தெரியும். அதற்குப் பின்னால் ஒரே கறுப்பு நிழல். ஓரம் எது, கால்சியம் எது என்று பிரித்துப் பார்ப்பது லேசில்லை. வெள்ளைக்கு உள்ளே புள்ளி வைத்தால் 1.8 செ.மீ. வரும், கொஞ்சம் தள்ளி வைத்தால் 2.0. வித்தியாசம் இரண்டே மில்லிமீட்டர். ஆனால் கணக்கில் விட்டம் வர்க்கமாகிறது. கீழ்ப்பாதைக்கும் வால்வுக்கும் இடையிலான வேக விகிதம் மூன்றில் ஒன்று என்று வைத்துக்கொண்டால், 2.0 அளந்தவருக்குப் பரப்பு 1.05, 1.8 அளந்தவருக்கு 0.85. இருவருமே நேர்மையாகத்தான் அளந்தார்கள். ரிப்போர்ட்டில் அந்த விட்டம் இருந்தால், அடுத்து பார்க்கும் டாக்டர் அரை நிமிடத்தில் விஷயத்தைப் பிடித்துவிடுவார்.

வேகத்திலும் இதே கதை. வேகத்தை அளக்க நாம் அனுப்பும் ஒலிக்கற்றை, அதாவது டாப்ளர் கற்றை, ரத்த ஓட்டத்துக்கு 30 டிகிரி சாய்ந்து போனால், 4.4 இருப்பது 3.8 என்று தெரியும். டாப்ளர் தப்பாகக் காட்டினால் குறைத்துத்தான் காட்டும், இந்தக் கோணத்தால் கூட்டிக் காட்டாது. அதனால் ஒரே இடத்தில் பார்த்துவிட்டு விடக்கூடாது. நோயாளியை வலது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, வலது மார்பெலும்பு ஓரத்திலும் தேட வேண்டும். அதற்கென்றே பென்சில் புரோப் என்ற மெல்லிய கருவி இருக்கிறது, மார்பில் வைத்துப் பார்ப்பது. அதில் படம் வராது, சத்தமும் கிராஃபும் மட்டும்தான் வரும். அதை டப்பாவை விட்டு வெளியே எடுக்காத மையங்கள் உண்டு. ஆளுக்குப் பத்து நிமிடம் என்று டோக்கன் கொடுத்தால் எடுக்கவும் முடியாதுதான்.

பலவீனமான இதயம் இன்னொரு சிக்கல். ரத்தத்தைத் தள்ளவே தெம்பில்லாத இதயத்தில் வால்வு எவ்வளவு சுருங்கியிருந்தாலும் வேகம் ஏறாது. பரப்பு 0.8, ஆனால் வேகம் 3.2 என்று இரண்டும் முரண்பட்டு நிற்கும். அதைப் பார்த்ததும் ‘மாடரேட்’ என்று எழுதி மூடிவிடாதீர்கள். இதயத்தைப் பலமாகத் துடிக்க வைக்கும் டோபுடமின் மருந்து கொடுத்து மறுபடி எக்கோ பார்க்கலாம். இல்லையென்றால் மருந்து ஏற்றாத சி.டி. ஸ்கேனில் கால்சியம் ஸ்கோர், அதாவது வால்வில் எவ்வளவு கால்சியம் படிந்திருக்கிறது என்று சொல்லும் எண், பார்க்கலாம். ஆண்களுக்கு 2000, பெண்களுக்கு 1200 தாண்டினால் சிவியராக இருக்க வாய்ப்பு அதிகம். ருமாட்டிக் காய்ச்சலில் கெட்ட வால்வுக்கு மட்டும் இந்த எண்களை நம்பக்கூடாது, நம் பக்கம் அதுவும் குறைவில்லை.

எக்கோவே வேண்டாம் என்று யாரும் இதைப் படித்துவிட்டுக் கிளம்ப வேண்டாம். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை, வால்வு நோய்க்கு முதல் பரிசோதனை இன்றைக்கும் இதுதான்.

நான் கேட்பது பெரிய செலவில்லை. எல்.வி.ஓ.டி. விட்டம், அதிக வேகம் கிடைத்த இடம், ஒரு துடிப்புக்கு வெளியேறும் ரத்த அளவு, எடுக்கும்போது இருந்த பி.பி. இவை ரிப்போர்ட்டில் வரட்டும். பி.பி. எகிறியிருந்தால் கணக்கே மாறிப்போகும், அதைக் குறிக்காத தாள்தான் அதிகம். படம் சரியாகத் தெரியாவிட்டால் ‘கால்சியத்தால் அளவு சந்தேகத்துக்குரியது’ என்று கூச்சப்படாமல் ஒரு வரி எழுதுங்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாலும் காப்பீட்டு அனுமதிக்குப் போனாலும் இந்தத் தாள்தான் முன்னால் போய் நிற்கிறது.

அப்புறம், கால்சியம் வால்வு என்று சீட்டில் இருந்தால் அந்த ஒருவருக்கு மட்டுமாவது இரண்டு டோக்கன் நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
எக்கோ டெக்னீசியன் ஒருவர்,
மதுரை