மதுரை மாவட்ட அரசு மருத்துவமனைகளுக்கு மயக்கவியல் மருத்துவர்கள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென் மாவட்ட நோயாளிகள் பலரும் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையையே நம்பி வருகின்றனர். இத்தகைய பெரிய மருத்துவமனைகளில் விபத்து, பிரசவம் போன்ற அவசரச் சிகிச்சைகளுக்கு அறுவை அரங்கில் முன்னுரிமை தருவது முறையே. எனினும், குடலிறக்கம், பித்தப்பைக் கல் போன்றவற்றுக்காகக் காத்திருப்போரின் முறை அதனால் தள்ளிப்போகிறது. குடலிறக்கத்தில் குடல் சிக்கி இரத்த ஓட்டம் தடைபட்டால், தள்ளிவைத்த அச்சிகிச்சையே உயிர்காக்கும் அவசரச் சிகிச்சையாகிவிடும். மூட்டை தூக்கிப் பிழைப்பவருக்கோ காத்திருக்கும் காலம் முழுவதும் கூலியும் இல்லை.

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் அரசு மருத்துவமனைகளிலேயே இந்த அறுவைச் சிகிச்சைகளைச் செய்யலாம். ஆனால் அறுவைச் சிகிச்சை நிபுணர் ஒருவர் இருந்தால் மட்டும் போதாது; நோயாளிக்கு மயக்க மருந்து கொடுக்கும் மயக்கவியல் மருத்துவரும் வேண்டும். அத்தகைய மருத்துவர் ஒருவரே இருந்து, அவரும் விடுப்பில் சென்றால், அன்றைய பட்டியல் முழுவதும் நின்றுவிடும் என்பதை இங்கு அழுத்திச் சொல்ல வேண்டும். மருத்துவப் பட்டமேற்படிப்பின் மாநில ஒதுக்கீட்டு இடங்களில் 50 சதவீதத்தை அரசுப் பணியிலுள்ள மருத்துவர்களுக்குத் தமிழக அரசு வழங்குகிறது. அவ்வாறு மயக்கவியல் பயின்று திரும்புவோரை இம்மருத்துவமனைகளில் குறைந்தது இருவராக நியமிக்கவும், காத்திருப்போர் ஒவ்வொருவருக்கும் உத்தேசத் தேதியை எழுத்தில் தரவும் சுகாதாரத் துறை ஆணையிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
உசிலம்பட்டி.