செயலாளரின் ஆண்டறிக்கை, 2023-24

தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ராஞ்சியில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களின் சங்கம் கடந்த ஓராண்டில் செய்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன். கொலு, தீபாவளி, பொங்கல் மூன்றும் குறைவில்லாமல் நடந்தன. தமிழ் வகுப்புக்கு ஆசிரியை தவறாமல் வருகிறார், பிள்ளைகள்தான் வருவதில்லை. சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயரை இங்கே வாசிக்க வேண்டாம் என்று தலைவர் சொல்லிவிட்டார். சரி.

இந்த ஆண்டு சங்கத்துக்குப் புதிதாக வந்து சேர்ந்தது ஹாக்கி. தோனியின் ஊரில் இருந்துகொண்டு இத்தனை வருடமாக நமக்குக் கிரிக்கெட்டைத் தவிர வேறு பேச்சு இருந்ததில்லை. மொராபாதியில் ஜெய்பால் சிங் முண்டா பெயரில் இருக்கும் ஹாக்கி அரங்கத்தைக் காலை நடையின்போது தாண்டிப் போவதோடு சரி. 1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியின் தலைவராகப் போனவர் அவர் என்பதே நம்மில் பலருக்கு இப்போதுதான் தெரிந்தது.

2023 அக்டோபர் கடைசியில் அங்கே மகளிர் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை தொடங்கியது. நம் மகளிர் பிரிவினர் வேன் பிடித்துக் கிளம்பினார்கள். போனவர்கள் திரும்பி வந்து பேசியதெல்லாம் ஒரே பெண்ணைப் பற்றித்தான்: சலிமா டேட்டே. நடுக்கள ஆட்டக்காரர். பந்து மட்டையில் சிக்கியதும் யாருக்குக் கொடுக்கலாம் என்று நின்று யோசிக்கிற ரகம் இல்லை. ஓட்டம்தான். அரையிறுதியில் கொரியாவுக்கு எதிராக 11ஆவது நிமிடத்தில் முதல் கோலை அடித்தவர் அவர். நவம்பர் 5 அன்று இறுதிப் போட்டியில் ஜப்பானை 4-0 என்று வென்றோம். தொடரின் சிறந்த வீராங்கனை விருதும் சலிமாவுக்கே கிடைத்தது.

சலிமா நம் ஜார்கண்ட் மாநிலத்துப் பெண், சிம்டேகா மாவட்டத்துக் கிராமத்துக்காரர். அந்தப் பக்கம் ஊருக்கு ஊர் ஹாக்கிப் பந்தயம் நடக்கும், ஜெயிக்கிற அணிக்கு ஆடு பரிசு. மூங்கிலைச் செதுக்கி மட்டையாக்கி ஆடிப் பழகிய பிள்ளைகள் அங்கே ஏராளம். 2018இல் புவெனோஸ் ஐரிஸ் இளையோர் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அணிக்கு சலிமாதான் தலைவி, அப்போது அவருக்கு 16 வயது. டோக்கியோவில் நான்காம் இடம் பிடித்த அணியிலும் இருந்தார். அந்த ஒலிம்பிக் நடக்கும்போது மகள் ஆடுவதைப் பார்க்க வீட்டில் சரியான டிவி இல்லை என்று செய்தி வந்து, அதன் பிறகே அரசு தரப்பில் டிவி வைத்துக் கொடுத்தார்கள். இதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கோபம்தான் வருகிறது. 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் வெண்கலத்துக்கான ஆட்டத்தில், ஷூட்-அவுட்டுக்கு (ஆட்டம் சமனில் முடிந்தால் ஒவ்வொருவராக கோல்கீப்பரை எதிர்கொண்டு கோல் அடிக்கப் பார்ப்பது) முன்னால் இந்தியா அடித்த ஒரே கோல் இவருடையது.

அப்புறம் ஜனவரி. பாரிஸ் ஒலிம்பிக் தகுதிச் சுற்றும் அதே அரங்கில்தான் நடந்தது. எட்டு அணிகள், மூன்று இடங்கள். அமெரிக்காவிடம் முதல் ஆட்டத்திலேயே 0-1 என்று தோற்றோம். 14ஆம் தேதி நியூசிலாந்து ஆட்டம் என்பதால் நம் பொங்கல் விழாவை மதியத்தோடு முடிக்கச் சொல்லி உறுப்பினர்களே கேட்டது சங்க வரலாற்றில் இதுதான் முதல் முறை. 3-1 என்று வென்றோம், இத்தாலியை 5-1. ஜெர்மனியுடனான அரையிறுதியில் 59ஆவது நிமிடத்தில் இஷிகா அடித்த கோலால் 2-2. குல்லாவும் கம்பளியுமாக உட்கார்ந்திருந்த நம் கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. ஷூட்-அவுட்டில் ஆளுக்கு எட்டே வினாடி. அதில் 3-4 என்று போனது. மறுநாள் மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் ஜப்பானிடம் 0-1. பாரிஸ் கைவிட்டுப் போயிற்று.

மார்ச் இறுதியில் ஹாக்கி இந்தியா சலிமாவுக்கு ஆண்டின் சிறந்த வீராங்கனை விருது கொடுத்தது. மே மாதம் சவிதாவுக்குப் பதிலாக இந்திய அணியின் தலைவியானார், 22 வயதில். பதவியேற்ற கையோடு ஐரோப்பாவில், தேசிய அணிகள் மோதும் புரோ லீக் தொடரில் எட்டு ஆட்டமும் தோல்வி. அதற்குள் அவரைக் குறை சொல்லி நம் வாட்ஸ்அப் குழுவில் சிலர் எழுதினார்கள். ஒலிம்பிக் வாய்ப்பை இழந்து, பயிற்சியாளரும் மாறிய அணி அது. ஒரு மாதத்தில் தலைவியை எடைபோடுவது நியாயம் இல்லை என்பது என் கருத்து. செயற்குழுவின் கருத்து அல்ல.

ஒரு முன்மொழிவு. விளையாட்டு விழாவுக்கு ஒதுக்கும் தொகையில் வழக்கமாகக் கோப்பைகள் வாங்கி, பாதி அலமாரியிலேயே கிடக்கின்றன. வரும் ஆண்டு அந்தப் பணத்தில் ஹாக்கி மட்டைகளும் கால் காப்புகளும் வாங்கி, சிம்டேகாவில் ஏதாவது ஒரு கிராமப் பள்ளிக்குக் கொடுக்கலாம். அங்கே வங்கி வேலையில் இருக்கும் நம் உறுப்பினர் பள்ளியைப் பார்த்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். கோப்பைதான் வேண்டும் என்பவர்கள் விவாதத்தில் சொல்லலாம்.

பொங்கலுக்குப் பாத்திரம் கொடுத்து உதவியவர்களுக்கும், இரவு ஆட்டம் முடிந்து வயதானவர்களை வீடு வரை கொண்டுபோய் விட்ட இளைஞர்களுக்கும் நன்றி. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். அதில் வேன் வாடகை என்று வரும் தொகையைப் பற்றிக் கேள்வி இருந்தால் அவரையே கேளுங்கள்.