புல் முளைக்காத மேடு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதமும் உன் குழந்தைகள் காப்பகத்தின் விளையாட்டு முற்றத்துக்கான வரைபடமும் வந்து சேர்ந்தன. முழங்கால் வலி குறைந்துவிட்டதாக எழுதியிருந்தாய். நல்லதாயிற்று, இனி நீ தரையில் உட்கார்ந்து பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது.

கோபித்துக்கொள்ளாதே, உள்ளதைச் சொல்கிறேன். வரைபடம் அழகுதான். ஆனால் குழந்தைகள் தாங்களாகச் செய்துகொள்ள அதில் எதையும் மிச்சம் வைக்கவில்லையே! சறுக்குமரம், ஊஞ்சல், காளான் வடிவ இருக்கைகள், தரை முழுக்க ரப்பர் விரிப்பு. உச்சிவெயிலில் அந்த விரிப்பில் ஒருமுறை வெறுங்காலோடு நின்று பார்.

எங்கள் காப்பகத்தில் நானும் இதே தவறைச் செய்தவள்தான். பார்த்துப் பார்த்துக் கட்டிய மரவீட்டுக்குள் இரண்டு நாள் நுழைந்தார்கள். பிறகு கூட்டமெல்லாம் தோட்டக் குழாயடியில். மூன்று வயதுக்காரி ஒருத்தி விரிசல் விட்ட குவளையில் தண்ணீர் பிடித்துக்கொண்டு தன் குழிக்கு ஓடுவாள். போய்ச் சேர்வதற்குள் பாதி ஒழுகிவிடும். ஐந்தாறு நடைக்குப் பிறகு விரிசலைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டாள். யாரும் சொல்லித்தரவில்லை. 1943-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில், எம்ட்ரப் பகுதியில் சோரன்சென் என்ற நிலவடிவமைப்பாளர் பழைய பலகையையும் செங்கல்லையும் கொடுத்தே ஒரு விளையாட்டு மைதானம் அமைத்தார். அவர் முன்பு ஒழுங்காக அமைத்த மைதானங்களைக் குழந்தைகள் சீண்டவில்லையாம். எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

மண்ணில் உருண்டால் நோய் வரும் என்று பெற்றோர் சண்டைக்கு வருவார்கள். பின்லாந்தில் சில காப்பக முற்றங்களில் காட்டுத் தரையையும் புல்தரையையும் பெயர்த்து வந்து பரப்பிப் பார்த்தார்கள். 28 நாட்களில் குழந்தைகளின் தோலில் வாழும் நுண்ணுயிர்களின் வகைகள் பெருகின. நோய் எதிர்ப்பைச் சீராக்கும் அறிகுறிகளும் இரத்தத்தில் தெரிந்தன. 2020-இல் வெளியான ஆய்வு. மொத்தம் 75 குழந்தைகள்தான் என்றாலும் பேச்சைத் தொடங்க உதவும்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லவில்லை. அரளியும் ஆமணக்கும் வேலிக்குள் வரவே கூடாது. மணல்குழியை இரவில் மூடிவை, இல்லையென்றால் பூனைகள் பயன்படுத்திக்கொள்ளும். தொட்டித் தண்ணீரை மாலையில் கொட்டிவிடு; பகலில் பக்கத்திலேயே ஆள் இருக்கட்டும், சிறு பிள்ளை மூழ்கச் சாண் ஆழம்கூடத் தேவையில்லை. புதர்கள் உன் இடுப்புக்கு மேல் வளர வேண்டாம். ஒளிந்துகொண்டோம் என்று அவர்கள் நம்ப வேண்டும், நீ தலைகளை எண்ண முடிய வேண்டும்.

ஏறி விளையாட ஒரு மண்மேடு மட்டும் கட்டாயம் வேண்டும். நான் செங்குத்தாக எழுப்பிவிட்டேன். முதல் பெருமழையில் பாதி மேடு மணல்குழிக்குள் வந்து படுத்துக்கொண்டது. ஓர் அடி உயரத்துக்குப் பக்கவாட்டில் மூன்று அடி சரிவு விடு. சறுக்குமரத்தை அந்தச் சரிவிலேயே பதித்துவிட்டால் ஏணி வேண்டாம், உயரத்திலிருந்து விழும் பயமும் இல்லை. உச்சியில் புல் முளைக்காது, இரண்டு முறை விதைத்துத் தோற்றேன். இப்போது அதற்கு வழுக்கை மேடு என்று பெயர். வைத்தவர்கள் நான்கு வயதுக்காரர்கள்.

ரப்பர் விரிப்புக்கு முன்பணம் கொடுத்துவிடவில்லையே? உடனே எழுது.

அன்புடன்,
உன் பழைய தோழி